கழுவி வைத்த வீடு

2025 அக்டோபர் 13, திங்கட்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். வாசல் தெளித்துச் சிறியதாக ஒரு கோலம் போட்டேன். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கணவருக்குக் கேப்பைக் கூழும் மோர்மிளகாயும், எனக்கு மதியத்துக்குத் தக்காளிச் சோறும் செய்தேன். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, கிளம்புவதற்கு முன் பின்னறைக்குப் போய்ச் சுவரில் இருக்கும் விரிசலைப் பார்த்தேன். இந்த ஆவணியில் அதன் மேல்முனையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தது. அதை நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு சாப்பாட்டுப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் நள்ளிரவோடு அது முடிகிறது.

எங்கள் வீடு திண்டிவனத்தில், ஏரிக்கரையைவிடத் தாழ்வான ஒரு தெருவில் இருக்கிறது. ஒரே தளம். முன்னறை, பின்னறை, சமையலறை, கொல்லைப்புறம். வங்கிக் கடனில் கட்டியது. நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்க்கிறேன். தினமும் ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறேன். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு நிலமோ மனையோ இல்லை.

கடன் கொடுத்தபோது வீட்டுக்குக் காப்பீடு போட வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். போட்டோம். கடன் முடிந்ததும் இனி உங்கள் விருப்பம் என்றார்கள். நான் விடவில்லை. எங்கள் தெருவில் வேறு யாரும் வீட்டுக்குக் காப்பீடு போட்டதில்லை. மோட்டார் பைக்குக்குப் போடுவார்கள், அதுவும் போலீஸ் பிடிக்கும் என்பதற்காக. "பஸ்ஸே வராத ஸ்டாப்புல டிக்கெட்டை வாங்கிக்கினு நிக்கிற நீ" என்று கணவர் ஒவ்வொரு புரட்டாசியிலும் சொல்வார். சொல்லிவிட்டு, வங்கிக்குப் பணம் கட்ட அவரே போவார்.

போன வருடக் கார்த்திகையில் பஸ் வந்தது.

அப்போது நாங்கள் ஊரில் இல்லை. கணவருக்கு விழுப்புரத்தில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. தூசி படக்கூடாது, குனியக்கூடாது, இரண்டு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் சொன்னதால் என் தங்கையின் வீட்டில் மாடியில் தங்கியிருந்தோம். அந்த வார இறுதியில்தான் புயல் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. விடிய விடிய மழை. காலையில் தங்கை வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கீழே தெரு இல்லை. காரின் கூரைகள் தெரிந்தன. ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றுபோயின. நெடுஞ்சாலை அறுந்தது. திண்டிவனத்தில் ஏரி உடைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். உடையவில்லை, வழிந்துதான் போகிறது என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் தெருவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பத்திரத்தின் எண் என் கைப்பையில் இருந்தது. அன்று மதியமே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "சர்வேயர் வந்து பாக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க மேடம். இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன். தொட நான் அங்கே இல்லையே என்று நினைத்தது நினைவிருக்கிறது.

உடனே எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இந்த அக்கா எனக்கு உறவில்லை. மாவு அரைத்து விற்கிறவர். கணவர் இறந்து பல வருடம். ஓட்டு வீடு, ஒரு கிரைண்டர், வாசலில் ஒரு பலகை. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி என்றும் அவரிடம்தான் இருக்கும். போன் அணைந்திருந்தது. "எங்கள் வீட்டைத் திறக்க வேண்டாம்" என்று செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. தெருவில் என்னிடம் இருந்த மற்ற எண்களையும் கூப்பிட்டேன். ஒன்றும் அடிக்கவில்லை. கோபுரங்கள் விழுந்துவிட்டன, மின்சாரம் இல்லை என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"என் போனு தண்ணில போச்சும்மா. இது பால்காரரு போனு. கண்டக்டருக்கு கண்ணு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா. வீடு..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ ஒண்ணியும் கவலப்படாத. எல்லாத்தையும் கழுவியாச்சு."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"முட்டிக்கால் ஒசரம் சேறும்மா. தெருவுல பொம்பளைங்க எல்லாம் சேந்துதான் வாரிக் கொட்னோம். கட்டில், மெத்த, பிரிஜ்ஜு, பீரோ அடித்தட்டுல இருந்ததெல்லாம் நாறிப்போச்சு. முனிசிபாலிட்டி டிராக்டர் வந்துச்சு, ஏத்தி அனுப்பிட்டேன். செவுத்துல ஜன்னல் வரைக்கும் கோடு. சொரண்டினாலும் போகல. தெருவுக்கே ஒரு டிரம்முல சுண்ணாம்பு கரைச்சோம். உன் வீட்டுக்கு ரெண்டு கை அடிச்சுட்டேன். தீபம் வருது, உங்க வீடு மட்டும் சேறா நிக்கலாமா?"

"உங்க வீடுக்கா?"

"அது கெடக்குது. இனிமேதான்."

நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் தங்கை வீட்டுச் சமையலறையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"டிக்கெட் எடுத்தோம். செக்கர் வர்றதுக்குள்ள சட்டையோட சேத்துத் துவைச்சுப் போட்டுட்டாங்க" என்றார்.

தீபத்துக்கு முந்தின நாள் வீடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் சுண்ணாம்பும் பினாயிலும் சேர்ந்த வாசனை. அறைகள் காலியாக, வெள்ளையாக இருந்தன. தரை காய்ந்திருந்தது. சமையலறை மேடையில் என் பாத்திரங்கள் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. வாசற்படியின் இரண்டு பக்கமும் புது அகல்கள், எண்ணெய் ஊற்றத் தயாராக. பதினெட்டு வருட நாட்குறிப்புகள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. அவையும் டிராக்டரில் போய்விட்டன. எதிர்வீட்டில் அக்கா அப்போதுதான் தன் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். கிரைண்டரைக் கவிழ்த்து வெயிலில் வைத்திருந்தார். எங்கள் வீட்டை முடித்த பிறகுதான் தன் வீட்டைத் தொட்டிருக்கிறார்.

சர்வேயர் தீபம் கழித்து வந்தார். இளைஞர், மரியாதையானவர். மாவட்டம் முழுக்க அலைந்து கண் சிவந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து நாலு சுவரையும் பார்த்தார்.

"இங்க எவ்வளவு உயரம் நின்னுச்சுங்க?"

"ஜன்னல் வரைக்கும்னு சொன்னாங்க."

"சொன்னாங்களா? நீங்க பாக்கலையா?"

நடந்ததைச் சொன்னேன். பொருள்களுக்கான ரசீதுகள் எல்லாம் மேல்தட்டில் கோப்பில் பத்திரமாக இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்கம்மா. பில்லு இருக்கு. பொருள் எங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. அவருடைய படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தது.

கணவர், பக்கத்துத் தெருப் பையன் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினார். தெருவில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. "தெருவுல தண்ணி போனதுல யாருக்கும் சந்தேகம் இல்லீங்க சார். வீட்டுக்குள்ள எவ்வளவு சேதம்ன்றதுதான் நான் எழுதணும்" என்றார் சர்வேயர்.

நான் அவருடைய கையைப் பிடிக்காத குறையாகப் பின்னறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "ஈரம் இருக்குது பாருங்க."

தொட்டுப் பார்த்தார். "புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க. ஈரமாத்தாம்மா இருக்கும்."

பின்னறைச் சுவரில் விரிசல் அப்போது மயிரிழைபோல இருந்தது. அதைப் பழைய விரிசல் என்று எழுதிக்கொண்டார். தை மாதம் கடிதம் வந்தது. ஒன்றும் கிடையாது. மேல்முறையீடு எழுதினேன், அதே பதில் வேறு கையெழுத்தோடு வந்தது. சம்பளக் கடன் போட்டு ஒரு பழைய பிரிட்ஜும் ஒரு கட்டிலும் வாங்கினோம். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? சேற்றில் இறங்கிக் கழுவியதால்தான் எல்லாம் போயிற்று என்று ஒரு மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது?

வெயில் காலம் முழுக்கச் சுவர் காயவே இல்லை. சித்திரையில்கூடக் கை வைத்தால் குளிர்ந்தது. சுண்ணாம்பு பக்குப் பக்காக உதிர்ந்தது. தினமும் பெருக்கி அள்ளினேன். விரிசல் மயிரிழையிலிருந்து நூலாகி, நூலிலிருந்து பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஆயிற்று. விற்றுவிடலாமா என்று ஒரு தரகரைக் கேட்டோம். தெருவின் பெயரைச் சொன்னதும், "அந்தத் தெருவா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

இத்தனையும் அந்தத் திங்கட்கிழமை ரயிலில் என்னோடு வந்தது. அலுவலகத்தில் மதியம் வரை பழைய கோப்புகளுக்கு எண் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பழைய பேருந்து நிலையம் பக்கம் போனேன். எங்கள் காப்பீட்டு முகவர் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உட்கார்ந்திருப்பார். கணவரோடு வேலை பார்த்தவரின் தம்பி. என்னை அண்ணி என்பார்.

"வாங்கண்ணி. படி ஏற வெச்சுட்டேன். முன்ன கீழதான் இருந்தேன். போன வருஷம் கம்ப்யூட்டர்லாம் தண்ணில போயி, அப்பால மேல வந்துட்டேன்."

"உங்களுக்குக் குடுத்தாங்களா?"

"நான் எங்கண்ணி போட்டேன்? ஊருக்குத்தான் சொல்லிக்கினு இருந்தேன்" என்று சிரித்தார். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினார்.

புதுப்பிக்க ஆகும் தொகை போன வருடத்தைப் போல மூன்று மடங்கு இருந்தது. தவறாகத் தட்டியிருக்கிறார் என்று நினைத்து வீட்டின் சதுர அடியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"கடலோர மாவட்டம்னு ஏத்திட்டாங்க. உங்க பின்கோடுல போன வருஷம் நெறைய வண்டிங்களுக்கு கிளைம் போயிருக்குது. அதோட, நீங்களும் ஒரு கிளைம் போட்டதா இருக்குது இல்லீங்களா."

"அதுல ஒரு ரூபா வரலையே."

"வரலதான். ஆனா கேட்டீங்க இல்ல? கேட்டது கணக்குல நிக்கும்."

சொன்னதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"புயல், வெள்ளத்த எடுத்துட்டு நெருப்புக்கு மட்டும் போட்டா இதுல பாதிகூட ஆவாதுங்க."

"எங்க தெருவுல நெருப்பு பிடிச்சா அணைக்கத்தான் ஏரி இருக்குதே" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறவள் இல்லை. அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு விட்டுட்டா?"

"விட்டுட்டா மறுபடி புதுசாப் போடணும். புதுசுன்னா ஆளு வந்து வீட்டப் பாப்பாங்க. அந்த விரிசலப் பாத்தா எடுக்க மாட்டாங்க. அதனால விடாதீங்கண்ணி. எப்படியாவது கட்டிடுங்க."

"கட்டினா இந்தத் தடவ குடுப்பாங்களா?"

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "வீட்ல இருங்க. தண்ணி வந்தா போட்டோ எடுங்க. எதையும் கழுவாதீங்க" என்றார்.

மாலை ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் மேற்கே மின்னியது. என்னிடம் இருந்தது தீபாவளிக்கான பண்டிகை முன்பணம். வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தது. பின்னறைச் சுவரை இடித்துவிட்டு அடியிலிருந்து எடுத்துக் கட்ட ஒரு கொத்தனாரிடம் பேசி வைத்திருந்தோம். அவர் கேட்டது ஏறக்குறைய அந்தத் தொகை. இப்போது காப்பீட்டுக்கும் ஏறக்குறைய அதே தொகை. சுவரைக் கட்டினால் பத்திரம் போய்விடும். பத்திரத்தைக் கட்டினால் சுவர் அப்படியே நிற்கும். தண்ணீர் வந்து அது விழுந்தால் பழைய விரிசல் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் கட்ட வழியில்லை. எதைக் கட்டினாலும் ஏரி அங்கேதான் இருக்கிறது. மயிலம் வரும்வரை இதையே முன்னும் பின்னுமாக நினைத்தேன். நான் எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவு தெரியும். அன்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுக் கணவரிடம் சொன்னேன்.

"கடலோரமா? கடலப் பாக்கணும்னா நாம மரக்காணம் பஸ் ஏறி ஒரு மணி நேரம் போவணும். கம்பெனிக்கு மட்டும் நம்ம வாசல்லயே அலையடிக்குதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். நான் போட்டிருந்த பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"செவுரக் கட்டிடலாம்" என்றார் திரும்பி வந்து. "இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் நாம படுக்கிறோம்."

பணத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். பதிமூன்று வருடமாக விடாமல் கட்டிய ஒன்றை அந்த நிமிடத்தோடு விட்டேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

அப்போதுதான் அக்கா வந்தார். கையில் ஒரு தூக்கில் மாவு, இடுப்பில் சுருக்குப்பை.

"இந்தா, நாளைக்கு ஊத்திக்க. கண்டக்டரே, டிவிய கொஞ்சம் கொறைங்க, ஒரு விஷயம் கேக்கணும்." தரையில் உட்கார்ந்தார். "ஏம்மா, அந்த வீட்டு இன்சூரன்ஸ் நீ போட்டியே, அது எனக்கும் போட்டுக் குடேன். மகளிர் குழுவுல லோன் குடுத்திருக்காங்க. கிரைண்டர் மறுபடி போச்சுன்னா நான் எங்க போறது? மழ வர்றதுக்குள்ள ஜல்தியா போட்டுடணும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார்.

"அது இப்ப ரொம்ப ஏத்திட்டாங்கக்கா."

"ஏத்தினா இன்னா? உனக்குக் குடுத்தாங்க இல்ல? பிரிஜ்ஜு வாங்கினியே, கட்டில் வாங்கினியே."

"அது கடன்ல வாங்கினதுக்கா. எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல."

அக்கா நம்பவில்லை. "தெருவே சொல்லிக்கினு இருக்குது, உங்களுக்கு வந்துச்சுன்னு."

"வரலக்கா."

"ஏன் வரல? வருஷா வருஷம் கட்னியே."

"பாக்க வந்த ஆளு லேட்டா வந்தாரு."

"லேட்டா வந்தா இன்னா? ஏரித் தண்ணி வந்தது ஊருக்கே தெரியுமே. ஜன்னல் வரைக்கும் கோடு இருந்துச்சு. அதக் காட்டியிருந்தா..." கையை நீட்டி எதிர்ச் சுவரைக் காட்டினார். கை அப்படியே நின்றது. சுவர் வெள்ளையாக இருந்தது. அடியில் பக்குகள் உதிர்ந்த இடம் தவிர.

டிவியில் செய்தி வாசிப்பவர் வங்கக் கடலைப் பற்றி எதையோ சொன்னார். கணவர் அதை அணைத்துவிட்டார்.

"நான்தானே அடிச்சேன்" என்றார் அக்கா.

"அதனால இல்லக்கா. அவங்க எப்படியும் குடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்."

"மெத்தையெல்லாம் நான்தான் டிராக்டர்ல ஏத்தினேன். அந்த ஆளு வேணாம்மா காயட்டும்ன்னான். நான்தான் நாறுதுடா எடுன்னேன்."

"நீங்க கழுவலன்னா நாங்க எங்க வந்து படுத்திருப்போம்?" என்றார் கணவர். நல்லபடியாகத்தான் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

"பத்து மாசமா ஏன் சொல்லல நீ?"

காபி போட எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். காபி வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"அந்த ஆபீஸு எங்க இருக்குது?"

"விழுப்புரத்துல ஒருத்தர்தான் எங்களுக்குப் பாத்துக்கிறாரு. கம்பெனி எங்கியோ இருக்குது."

"நான் வந்து சொல்றேன். நான்தான் கழுவுனேன், இவங்க ஊர்லயே இல்லன்னு சொல்றேன். எவ்வளவு ஒசரம் நின்னுச்சுன்னு என் உடம்புலயே காட்றேன்."

"ஃபைல மூடிட்டாங்கக்கா."

"மூடினா தொறக்கச் சொல்லலாம்."

"பத்திரமே நாளையோட முடியுது. நாங்க இனிமே கட்டப்போறதில்ல."

"அப்ப நாளைக்கே போலாம்" என்றார். தூக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு சாப்பிட்டோம். தூக்கிலிருந்த மாவைப் பாத்திரத்தில் மாற்றிப் பிரிட்ஜில் வைத்தேன். தூக்கைக் கழுவிக் கவிழ்த்தேன். நாட்குறிப்பில் ரயில் நேரம், முகவர் சொன்ன தொகை, பணத்தைக் கொத்தனாருக்காகக் கணவரிடம் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதினேன். அக்கா வந்ததை எழுத வரவில்லை. அந்த இடத்தில் இரண்டு வரி விட்டுவிட்டு மூடினேன். மழை அப்போது லேசாகத் தொடங்கி, உடனே நின்றது. ஓட்டின்மேல் அது விழுந்த சத்தம் எதிர்வீட்டிலிருந்து கேட்டது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு வழக்கமாகக் கேட்கும் கிரைண்டர் சத்தம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது அக்கா எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவை. தலையில் எண்ணெய் தடவி வழித்துச் சீவியிருந்தார். எதிரே அவர் வீட்டுப் பலகையில் "இன்று மாவு இல்லை" என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. எழுத்து அவருடையது இல்லை. யாரையோ எழுப்பி எழுதச் சொல்லியிருக்கிறார்.

பிரயோஜனம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் ஒரு குச்சி வைத்திருந்தார், விறகுக் குச்சி. அதில் ஓரிடத்தில் கத்தியால் கீறியிருந்தது.

"இவ்வளவு ஒசரம்" என்றார். "ராத்திரி உன் வீட்டு ஜன்னல வெளிய இருந்து அளந்துகிட்டேன்."

வாளியைக் கீழே வைத்தேன். கோலம் போடவில்லை. கணவரை எழுப்பி, கொத்தனாருக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு அக்காவோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். எனக்கு சீசன் டிக்கெட் இருக்கிறது. அக்காவுக்கு விழுப்புரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன், போக வர.